கல்லிலும் கண்ணாடியிலும் சூரியன்

அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தை அடுத்த கங்கைகொண்ட சோழபுரத்தில், பெரிய கோயிலின் மகாமண்டபத்து வடகிழக்கு மூலையில் ஒரு கல் இருக்கிறது. மேலே இதழ் விரிந்த தாமரை, அதைத் தாங்கும் சதுரப் பீடம். பீடம் வெறும் பீடம் அல்ல, தேர். முன்பக்கம் அருணன் அமர்ந்து ஏழு குதிரைகளை ஓட்டுகிறான், இருபுறமும் சக்கரங்கள். மற்ற மூன்று பக்கங்களிலும் எட்டுக் கிரகங்கள் உருவம் பெற்றிருக்கின்றன. ஒன்பதாவதான சூரியனைத் தேடினால் ஆள் உருவம் கிடைக்காது. மேலே மலர்ந்திருக்கும் தாமரைதான் சூரியன்.

தமிழ்நாட்டுக் கோயில்களில் வழக்கமாகக் காணும் நவக்கிரகம் வேறு மாதிரி. ஒரு மேடையில் ஒன்பது தனிச் சிலைகள், நடுவில் சூரியன், ஒருவரை ஒருவர் பாராமல் திசைக்கொருவராக நிற்கும் மற்ற எட்டுப் பேர். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒன்பதும் ஒரே கல்லில் அடங்கிவிட்டன. கோயிலைக் கட்டியவன் முதலாம் இராசேந்திரன். காலம் 11ஆம் நூற்றாண்டின் முற்பாதி. இந்தச் சூரிய பீடம் இங்கே செதுக்கப்பட்டதல்ல, சாளுக்கியருடன் நடந்த போரில் வெற்றிச் சின்னமாக வந்தது என்று கலை வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். செதுக்கு முறையில் சோழர் கை தெரியவில்லை என்பது அவர்கள் காட்டும் காரணம். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோயிலின் திருச்சுற்று மதிலைப் பிரித்துக் கல் எடுத்தார்கள். மண்டபத்துக்குள் இருந்த தாமரை தப்பியது.

சூரியன் நடுவில், மற்றவை சுற்றிலும் என்பதைப் பார்த்ததும், சூரியனைத்தான் கோள்கள் சுற்றுகின்றன என்பது அன்றே தெரிந்திருந்தது என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. கல் அப்படிச் சொல்லவில்லை. நடுவிடம் மரியாதைக்குரிய இடம், அவ்வளவே. அக்கால வானியல் சித்தாந்த நூல்களின் கணக்கில் பூமி நடுவில் நின்றது. சூரியனும் சந்திரனும் செவ்வாய் முதலியவையும் அதைச் சுற்றி வந்தன. அதனால்தான் ஒன்பதில் பூமி இல்லை. படம் எடுக்கிறவர் படத்தில் விழுவதில்லை என்பது போலத்தான் இதுவும்.

இராகு, கேது இரண்டும் இன்னும் சுவையானவை. வெறுங்கண்ணுக்குத் தெரியும் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்துடன் சூரியனையும் சந்திரனையும் சேர்த்தால் ஏழுதான் வரும். மீதி இரண்டு எந்தக் கண்ணுக்கும் தெரியாதவை. சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள்தான் இராகுவும் கேதுவும். அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்கு அருகில் நேர்ந்தால் மட்டுமே கிரகணம் பிடிக்கும். புள்ளிகளும் நிற்பதில்லை, ஏறக்குறைய 18.6 ஆண்டில் பின்னோக்கி ஒரு சுற்று வருகின்றன. ஆக, கண்டதைச் செதுக்கிய அதே கல்லில் கணக்கிட்டதையும் செதுக்கியிருக்கிறார்கள்.

ஏழு குதிரைகள் ஏழு நிறங்கள் என்ற விளக்கத்தைக் கோயிலில் அடிக்கடி கேட்கலாம். நியூட்டன் வெயிலை முப்பட்டகத்தில் பிரித்து நிறங்களை ஏழு என்று எண்ணியது 17ஆம் நூற்றாண்டில். குதிரைகளோ வேத காலத்திலிருந்தே ஏழு. விளக்கம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் வெயிலை நிறம் நிறமாகப் பிரிப்பதுதான் சூரியனின் அடுத்த படங்களுக்கு வழி திறந்தது.

அந்தப் படங்களின் கதை கிரகணத்தில் தொடங்குகிறது. 1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் உதகை, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம் வழியாகச் சென்றது. தொட்டபெட்டாவில் கர்னல் டென்னன்ட் குழுவினர் சூரியனைச் சூழ்ந்த ஒளிவளையத்தைப் புகைப்படமாக எடுத்தார்கள். சில நிமிடங்களில் முடிந்துபோகும் வேலை அது. நாள்தோறும் சூரியனைப் படம் எடுக்கும் எண்ணம் பஞ்சத்தால் வலுப்பெற்றது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், சூரியக் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கருத்து அரசின் காதில் விழுந்தது. பெரம்பலூர், அரியலூர் போன்ற மானாவாரிச் சீமைகளில் மழை தப்பினால் விளைச்சல் இல்லை. மழையை முன்கூட்டிச் சொல்ல முடிந்தால் நல்லது என்ற கணக்கும் சேர்ந்துதான் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் 1899இல் உருவானது. மிச்சி ஸ்மித் முதல் இயக்குநர்.

மழைக்கான சூத்திரம் கிடைக்கவில்லை. கிடைத்தவை படங்கள். 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வந்தார்கள். வெள்ளொளிப் படத்தில் சூரியன் 20 செ.மீ. விட்டமுள்ள வட்டமாகக் கண்ணாடித் தகட்டில் விழும். நெகட்டிவ் என்பதால் சூரியன் கறுப்பாகவும் கரும்புள்ளிகள் வெளிறியும் தெரியும். அடுத்த கருவி இன்னும் நுட்பமானது. சூரிய பிம்பம் ஒரு மெல்லிய பிளவின் மேல் நகரும். உள்ளே போகும் ஒளி நிறமாலையாகப் பிரியும். அதில் ஒரே ஒரு கோட்டின் ஒளியை மட்டும் தகட்டுக்கு விடுவார்கள். கால்சியத்தின் 393.4 நானோமீட்டர் கோட்டில் எடுத்தால் கரும்புள்ளிகளைச் சூழ்ந்த காந்தப் பகுதிகள் வெண்திட்டாகத் தெரியும். 1912இல் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடும் சேர்ந்தது. ஏழு குதிரைகளில் ஒன்றை மட்டும் அவிழ்த்து ஓடவிட்டது போன்ற வேலை.

1907இல் கொடைக்கானலுக்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் கரும்புள்ளிகளின் நிறமாலையில் கோடுகள் சற்றே சாய்ந்திருப்பதைக் கவனித்தார். புள்ளியின் நடுவிலிருந்து வாயு வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாய்கிறது என்பது அந்தச் சாய்வின் பொருள். சூரிய இயற்பியல் நூல்களில் அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர்.

ஓசோன் படலம் பெரும்பாலான புற ஊதா ஒளியைத் தடுத்துவிடுவதால், மலை உச்சிக்குப் போனாலும் அந்த நிறத்தில் சூரியனைப் படம் எடுக்க முடியாது. அதற்கு வெளியே போக வேண்டும். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலம் அங்கே போயிற்று. திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி. அதன் புற ஊதாத் தொலைநோக்கி 200 முதல் 400 நானோமீட்டர் வரையிலான ஒளியை 11 வடிகட்டிகள் வழியே பார்க்கிறது. சூரியனின் முழு வட்டப் படங்கள் 2023 டிசம்பரில் வெளியாயின. ஒளிவளையத்தைப் பார்க்கும் மற்றொரு கருவியைச் செய்தது, கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம். ஒரு தட்டால் சூரியனின் வட்டத்தை மறைத்து, 1871இல் சில நிமிடங்களுக்கு மட்டும் கிடைத்த காட்சியை அது நாளெல்லாம் பார்க்கிறது.

கொடைக்கானலின் பழைய தகடுகளோ இப்போது கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. தகடு தகடாகக் கரும்புள்ளிகளை அளந்து, அவை ஏறத்தாழ 11 ஆண்டுக்கொருமுறை கூடிக் குறையும் கணக்கை ஆய்வாளர்கள் நூறாண்டுக்கும் மேலாகப் பின்னோக்கிப் பார்த்து வருகிறார்கள்.