லைலாவிடம் யார் கேட்டார்கள்?

லைலா மஜ்னூன் கதையை அறியாதவர் நம்மில் குறைவு. ஆனால் எந்த லைலா மஜ்னூன் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வோம். மூத்தவர்களுக்குப் பானுமதியும் நாகேஸ்வர ராவும் நடித்தது. அதே 1950ஆம் ஆண்டில் எஃப். நாகூர் இயக்கத்தில் டி. ஆர். மகாலிங்கம் நடித்த இன்னொரு தமிழ்ப் படமும் உண்டு. இளையவர்களுக்கு 2018இல் வந்த காஷ்மீர்க் கதை.

இந்த மண்ணுக்கும் அதில் பங்குண்டு. பங்சவான் மேடையில் மலாய் மக்கள் பார்த்துப் பழகிய கதையை, 1933இல் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் சிங்கப்பூரில் படமாக்கினார். மறு ஆண்டு வெளியான அதுவே இங்கு எடுக்கப்பட்ட முதல் மலாய்ப் படம் என்பர். அரபுக் கதை, இந்திய இயக்குநர், மலாய் நடிகர்கள்! 1962இல் கேத்தே கெரிஸ் நிறுவனத்திற்காக மீண்டும் எடுத்தவர் பி. என். ராவ். அவர் முன்பு தமிழ்ப் படங்கள் இயக்கியவர்.

கதையின் வேர் உமையாக்கள் காலத்து அரபுப் பாலைவனம். பனூ ஆமிர் குலத்துக் கைஸ் பாடியதாகச் சிதறிக் கிடந்த கவிதைகளையும் செய்திகளையும் கோத்து, 1188இல் பாரசீகத்தில் நெடுங்காவியமாக்கியவர் நிஜாமி. அவருடைய கதையில் குலப்பகை எதுவும் இல்லை. கைஸின் தந்தை முறைப்படி பெண் கேட்டுப் போகிறார். ஊரறியப் பெண்ணின் பெயரைச் சொல்லிப் பாடித் திரியும் பித்தனுக்குத் தரமாட்டேன் என்கிறார் லைலாவின் தந்தை. பெண்ணைப் பெற்றவர் எவருக்கும் அந்தக் கோபம் புரியும்.

1976 இந்திப் படம் இதை மாற்றியது. இரு குலங்களின் பகையைக் காரணமாக்கியது. 2018 படத்திலும் இரு குடும்பங்களின் தகராறு வந்துவிடுகிறது. பகை இருந்தால் பழி போட ஆள் கிடைத்துவிடும். பார்ப்பவருக்கும் அது வசதி. நமக்கு அது கதையை இளைக்கச் செய்ததாகவே தோன்றுகிறது. நிஜாமியின் உறுத்தல் வேறு இடத்தில் இருக்கிறது: எல்லாரும் அவரவர் நியாயத்தைப் பேசுகிறார்கள், லைலாவிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. இப்னு ஸலாமுக்கு அவளை மணமுடித்து அனுப்புகிறார்கள்.

மார்க்கம் இதில் தெளிவாக இருக்கிறது. தந்தை தன் விருப்பமின்றி மணமுடித்து வைத்தார் என்று கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. நம் நிக்காஹ்களிலும் மணமகளின் சம்மதத்தைக் கேட்கிறோம், கையெழுத்தும் வாங்குகிறோம். அந்த நேரத்தில் மண்டபம் நிறைந்திருக்கும், அடுப்பில் பிரியாணி தம்மில் இருக்கும்.

எகிப்தியக் கவிஞர் அஹ்மத் ஷௌகி இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். 1931இல் வந்த அவருடைய 'மஜ்னூன் லைலா' நாடகத்தில் லைலாவின் தந்தை கொடியவரல்லர். கைஸுக்காகத் தூது வந்தவர் முன்னிலையில், முடிவை மகளிடமே விடுகிறார். இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகு ஒருவர் கேட்டுவிட்டார்! லைலா கைஸை நேசிக்கிறாள். ஆயினும் அந்தச் சபையில் குலத்தின் மானத்தை எண்ணி, வர்து என்பவரை மணக்கிறேன் என்கிறாள். கட்டாயப்படுத்தியவர் யாருமில்லை. சொன்ன மறுகணமே மனம் வெதும்புகிறாள். நாம் அறிந்த மறுகூறல்களில் நம் வீடுகளுக்கு மிக அருகில் வருவது இதுவே.

வர்தும் நல்லவர். மனைவியின் மனம் எங்கே என்று அறிந்து, அவளைத் தீண்டாமல் மதித்து வைத்திருக்கிறார். தேடி வந்த கைஸைச் சந்திக்கவும் வழிவிடுகிறார். என்னோடு வந்துவிடு என்று கைஸ் அழைக்கிறான். லைலா மறுத்துவிடுகிறாள்.