கூடத்தில் ஓடிய வண்டி

நீராவி என்றதும் ஜேம்ஸ் வாட்டின் பெயரைச் சொல்லியே நாம் பழகிவிட்டோம். அவரிடம் சம்பளத்துக்கு இருந்த வில்லியம் மர்டாக்கை அதிகம் பேசியதில்லை. போல்ட்டன்-வாட் நிறுவனத்துக்காக, இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் நீரிறைக்கும் இயந்திரங்களைப் பராமரித்தவர் அவர். பகலில் அந்தப் பூதங்களோடு மல்லுக்கட்டியவர், ரெட்ரூத் ஊரிலிருந்த தம் வீட்டில் ஒரு சிறு மாதிரியைச் செய்தார். மூன்று சக்கரம், செம்புக் கொதிகலன், அடியில் சாராய விளக்கு. 1784இல் அது தானே ஓடியது.

வாட்டின் இயந்திரத்தில் நீராவியைக் குளிர்விப்பதால் உண்டாகும் வெற்றிடமே முக்கியம். அதற்குக் குளிர்கலன், பம்பு, தண்ணீர் என்று ஒரு குடித்தனமே வேண்டும். மர்டாக்கோ அழுத்தம் மிகுந்த நீராவியை நம்பினார். வேலை முடிந்ததும் அதை வெளியே விட்டுவிட்டார். வண்டி சிறுத்தது அதனால்தான்.

வாட்டுக்கு இது பிடிக்கவில்லை. உயர் அழுத்தத்தை அவர் அஞ்சினார். நல்ல வேலையாளின் கவனம் சிதறுவதையும் விரும்பவில்லை. அதே ஆண்டில் தம் காப்புரிமையில் நீராவி வண்டியையும் சேர்த்துக்கொண்டார். 1786இல் காப்புரிமை கோரி லண்டனுக்குப் புறப்பட்ட மர்டாக்கை, எக்ஸிட்டர் அருகே எதிர்ப்பட்ட போல்ட்டன் பேசித் திருப்பிவிட்டார். மிரட்டியதாகத் தெரியவில்லை, நமக்கு அதுதான் உறுத்துகிறது. திரும்பியபின் ட்ரூரோவில் ஒரு பெரிய கூடத்தில், அடுப்புக் கரண்டியையும் இடுக்கியையும் சுமந்தபடி வண்டி சுற்றிச்சுற்றி ஓடியதாம். போல்ட்டனே மகிழ்ந்து கடிதம் எழுதினார்.

வாட்டின் முதல் காப்புரிமை 1800இல் முடிந்தது. 1801 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ரெட்ரூத்துக்கு அருகிலுள்ள கேம்போர்னில், ரிச்சர்ட் ட்ரெவிதிக் ஆட்களை ஏற்றிக்கொண்டு நீராவி வண்டியை மேட்டில் ஓட்டினார்.