விதை விடாத மலர்

சர்க்கரைவள்ளியின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு கொடியை ஜப்பானியர் 'அசகாவோ' என்பர். காலை முகம் என்று பொருள். ஓராயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு சீனத்திலிருந்து அது ஜப்பானுக்குச் சென்றது மலருக்காக அல்ல, பேதிமருந்தாகப் பயன்பட்ட விதைக்காக. விடியலில் விரிந்து வெயிலேறும்போது வாடிவிடும் எளிய நீலப்பூ அது.

1806இல் எடோ நகரை, அதாவது இன்றைய டோக்கியோவை, பெருந்தீ அழித்தது. ஷிதயாப் பகுதியில் வெறுமையாகிப்போன மனைகளில் தோட்டக்காரர்கள் விநோத அசகாவோக்களை வளர்த்ததிலிருந்தே இம்மோகம் தொடங்கியதாகச் சொல்வதுண்டு. கீழ்நிலைச் சாமுராய்களும் தங்கள் வீட்டு முற்றங்களில் இதை வளர்த்தனர். சொற்ப ஊதியக்காரர்களுக்கு அது பக்க வருமானமும் ஆயிற்று. 1850களில் மோகம் மீண்டும் உச்சம் கண்டது. நூல்நூலாகக் கிழிந்த இதழ்கள், அடுக்கடுக்காய்ச் சுருண்ட பூக்கள், ஊசிபோல் மெலிந்த இலைகள் என அசகாவோ என்றே அடையாளம் காணவியலாத உருவங்கள் 1854இல் வெளியான 'அசகாவோ சன்ஜூரொக்கசென்' போன்ற வண்ணப்பட நூல்களில் இடம்பெற்றன.

இவற்றில் மிக அரியவற்றை 'தெமோனோ' என்றனர். அவற்றின் மகரந்தத் தாள்களும் சூலகமும் இதழ்களாகத் திரிந்துவிடுவதால் விதை பிடிப்பதில்லை. கொடியோ ஓராண்டுக்குரியது, குளிர்காலத்தைத் தாண்டாது. அப்படியானால் அடுத்த ஆண்டு அந்த மலர் எங்கிருந்து வரும்?

அதே விதைக்கூட்டத்தில் முளைத்த சாதாரண உடன்பிறப்புகளிடமிருந்து. ஒளிந்திருக்கும் பண்பு ஒன்றாயின், அதைச் சுமக்கும் செடியின் வித்துகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் அது வெளிப்படும். இரண்டு பண்புகள் ஒருங்கே வேண்டுமெனில் பதினாறில் ஒன்றில்தான். ஆகவே வளர்ப்பவர் நிறைய விதைத்து, வித்திலைகளின் வடிவத்தைக் கொண்டே நாற்றுகளைப் பிரித்தார். அழகியதைப் பார்வைக்கு வைத்துக்கொண்டு, 'தாய்ச்செடி' எனப்பட்ட அழகற்றவற்றின் விதைகளைத் தனித்தனியே சேகரித்தார். பாரம்பரிய விதிகளை மெண்டல் 1865இல்தான் எடுத்துரைத்தார். எடோவின் தோட்டக்காரர் விதியை வகுக்கவில்லை, ஆனால் அதன் விளைவைக் கைவழக்கமாக அறிந்திருந்தார்.

இந்த வழக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. புத்தகத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கலாம், பேரப்பிள்ளைகள் எடுத்துப் படிப்பார்கள். தெமோனோவை அப்படி வைக்க இயலாது. சில ஆண்டுகள் விதைக்காமல் விட்டால், அல்லது எந்தத் தாய்ச்செடியின் விதை எது என்ற குறிப்பு தவறினால், அந்த வழி அறுந்துவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதுவே நிகழ்ந்தது. உணவுப்பயிர் முதன்மையானபோது பல வகைகள் மறைந்தன. எஞ்சியவை ஆர்வலர்களின் வீடுகளிலும், 1949இல் மிஷிமாவில் நிறுவப்பட்ட தேசிய மரபியல் நிறுவனத்திலும், பின்னர் கியூஷு பல்கலைக்கழகத்திலும் காக்கப்பட்டன. இவ்விநோதங்களில் பலவற்றுக்குத் தாவும் மரபணுக்களே காரணம் என ஆய்வுகள் காட்டின. 2016இல் இக்கொடியின் முழு மரபணுத்தொகுதியும் வெளியானது.

இன்று மரபணுவை வாசிக்க முடிகிறது. ஆயினும் மலரைக் காண வேண்டுமாயின் யாரேனும் விதைத்தாக வேண்டும். அதற்குரிய விதையைத் தருவது, கண்காட்சியில் எவரும் நின்று பார்க்காத அந்த எளிய பூக்கொடிதான். அதற்கும் ஒரு தொட்டி ஒதுக்கி நீரூற்றிய எண்ணற்ற பெயர் தெரியாதோரின் பொறுமையில்தான் இருநூறாண்டு அழகு நம் காலம்வரை வந்து சேர்ந்திருக்கிறது.