கூண்டுகளை எண்ணிய சட்டம்

லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் கிடைக்காத பேதுரு, ஆண்டவரின் சொல்லை நம்பி வலையை வீசுகிறார். மீன்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அப்பகுதியை வாசிக்கும்போது நாம் மீன்களின் மிகுதியையே வியக்கிறோம். ஆனால் இரு படகுகளும் மூழ்கும் நிலைக்கு வந்தன என்பதையும் நற்செய்தியாளர் சேர்த்தே எழுதியுள்ளார். மிகுதியும் ஆபத்தும் ஒரே படகில் ஏறிய வரலாறு ஒன்று அலாஸ்காவில் நிகழ்ந்தது. நம் சிந்தனைக்குரிய பாடம் அதில் உண்டு.

அலாஸ்காவின் மேற்கே, பெரிங் கடலின் பிரிஸ்டல் விரிகுடாவில் செந்நிற அரச நண்டுகள் வாழ்கின்றன. இரும்புச் சட்டத்தில் வலை பின்னிய, ஏறத்தாழ ஏழடிச் சதுரமான கூண்டுகளில் இரை வைத்து இவற்றைப் பிடிக்கிறார்கள். வெறுங்கூண்டு ஒன்றே 270 முதல் 360 கிலோ வரை எடையுள்ளது. குறித்த அளவுக்கு வளர்ந்த ஆண் நண்டுகளை மட்டுமே எடுக்கலாம்; பெண் நண்டுகளையும் சிறியவற்றையும் கடலிலேயே விட்டுவிட வேண்டும். 1980 இல் இங்கே பிடிபட்டவை ஏறத்தாழ 13 கோடி பவுண்டு. 1982 இல் அது 30 இலட்சம் பவுண்டாகச் சுருங்கிற்று. 1983 இல் அரசு அம்மீன்பிடிப்பையே நிறுத்த நேர்ந்தது.

அதே ஆண்டு பிப்ரவரி 14 அன்று, வேறு நண்டு வகையைத் தேடி டச்சு ஹார்பர் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அமெரிக்கஸ், ஆல்டேர் என்னும் இரு கப்பல்கள் கவிழ்ந்தன. தளத்தில் கூண்டுகள் அடுக்கடுக்காக நின்றிருந்தன. பதினான்கு பேர் மாண்டனர். அனைவரும் வாஷிங்டன் மாநிலத்தின் அனகோர்டஸ் என்னும் சிற்றூரோடு தொடர்புடையவர்கள். கப்பல்களில் பின்னர் பொருத்தப்பட்ட கருவிகளின் எடை, நிலைத்தன்மைக் கணக்கில் சரிவரச் சேர்க்கப்படவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது.

மீன்பிடிப்பு மீண்டும் தொடங்கியபோது நண்டுகள் குறைவு, கப்பல்களோ மிகுதி. மொத்தம் எவ்வளவு பிடிக்கலாம் என்பதை அரசு வரையறுத்தது. அதில் யாருக்கு எவ்வளவு என்பதை வரையறுக்கவில்லை. முந்தியவருக்கே பங்கு. 1990களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 300 கப்பல்கள் ஒரே நாளில் கடலில் இறங்கின. சில நாள்களிலேயே பருவம் முடிந்துவிடும். புயல் வந்தாலும் கரையில் தங்குபவர் பங்கை இழப்பார்.

இப்போட்டியைத் தணிக்க 1992 இல் கூண்டுகளுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை என்பது பெருங்கப்பல்களுக்கு அநீதி என்ற எதிர்ப்பு எழவே, 1993 இல் 125 அடிக்கு மேற்பட்ட கப்பலுக்கு 250, ஏனையவற்றுக்கு 200 எனத் திருத்தப்பட்டது. நோக்கம் நல்லதே. தளத்தில் சுமை குறையும். கடலில் தொலைந்து வீணே நண்டுகளைச் சிறைப்படுத்தும் கூண்டுகளும் குறையும்.

ஆனால் விளைவு எண்ணியபடி அமையவில்லை. கூண்டு குறைந்தபோது அதைத் தூக்கும் வேகம் கூடிற்று. கூண்டு நெடுநேரம் கடலடியில் கிடந்தால், இரை தீர்ந்தபின் சிறு நண்டுகள் வலையின் பெரிய கண்கள் வழியே தாமாக வெளியேறும். அவசரமாகத் தூக்கினால் அவையும் மேலே வரும். உறைபனிக் காற்றில் தளத்தில் வீசப்பட்டு, பின் கடலில் எறியப்படும். அவற்றுள் சில பிழைப்பதில்லை. மாலுமிகளின் உறக்கமோ இன்னும் குறைந்தது. பெண் நண்டுகள் அருகியதால் 1994, 1995 ஆம் ஆண்டுகளில் மீண்டும் தடை வந்தது. 2004 இல் 251 கப்பல்கள் போட்டியிட, பருவம் மூன்றே நாளில் முடிந்தது.

சட்டம் கூண்டுகளை எண்ணியது. கூண்டுகளை நிரப்பத் துடித்த அவசரத்தை அது தொடவில்லை. கருவியைக் குறைத்தால் ஆசை குறையும் என்று எண்ணுவது நமக்கும் பழகிய பிழையன்றோ? தவக்காலத்தில் உணவைக் குறைக்கிறோம். உள்ளத்தின் பசியைக் குறைக்கிறோமா?

2005 இல் வேறு வழி காணப்பட்டது. ஒவ்வொருவருக்கும் முன்னரே பங்கு ஒதுக்கப்பட்டது. பந்தயம் ஓய்ந்தது, பருவம் மாதக்கணக்கில் நீண்டது, கூண்டுகள் கடலடியில் பல நாள் கிடக்க முடிந்தது. 1999 முதல் துறைமுகத்திலேயே நடந்த சுமைச் சோதனைகளும் சேர்ந்து உயிரிழப்பைப் பெரிதும் குறைத்தன.

ஆயினும் இப்பகிர்வு நீதியானதா? கப்பல்களுக்கான பங்குகளில் 97 விழுக்காடு உரிமையாளருக்கும், 3 விழுக்காடு கப்பல் தலைவருக்கும் சென்றது. பனியில் நின்று கூண்டு இழுத்த சாதாரண மாலுமிக்குத் தொடக்கத்தில் ஒன்றுமில்லை. ஒரே ஆண்டில் கப்பல்கள் 251 இலிருந்து 89 ஆகக் குறைந்தன. பிழைத்த உயிர்களுக்காக நன்றி கூறும் நாம், வேலையிழந்து கரையில் நின்றவர்களையும் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். படைப்பின் கொடைகள் அனைவருக்கும் உரியவை என்பது திருச்சபையின் போதனை. பங்கீட்டில் ஒழுங்கு மட்டும் போதாது. உழைத்தவனின் முகமும் அதில் தெரிய வேண்டும்.

கடலும் இறுதிச் சொல்லைச் சட்டத்திடம் விட்டுவிடவில்லை. 2017 பிப்ரவரி 11 அன்று டெஸ்டினேஷன் என்னும் நண்டுக் கப்பல் செயின்ட் ஜார்ஜ் தீவருகே ஆறு பேருடன் மூழ்கிற்று. தளத்தில் பனி படிந்திருந்தது. கூண்டுகள் ஏட்டில் குறித்திருந்ததைவிடக் கனமாக இருந்தன என விசாரணை கண்டது. 2021, 2022 பருவங்களில் பிரிஸ்டல் விரிகுடா மறுபடியும் மூடப்பட்டு, 2023 இல் திறந்தது.

மூழ்கத் தொடங்கிய படகில் பேதுரு இரண்டு செயல்கள் செய்தார். மறு படகிலிருந்த கூட்டாளிகளைத் துணைக்கு அழைத்தார். பின் ஆண்டவரின் காலில் விழுந்தார். அவர் மீன்களை எண்ணியதாக அங்கே எழுதப்படவில்லை. நம் வீட்டிலும் தொழிலிலும் பங்கிலும் வரம்புகள் தேவையே. அவ்வரம்புகளுக்கு உயிர் கொடுப்பவை, அடுத்தவரைப் போட்டியாளராகக் கருதாமல் கூட்டாளியாக அழைக்கும் மனமும், கிடைத்த மிகுதியின் முன் மண்டியிடும் பணிவுமே.