1918: இளையவர்களைத் தேடி வந்த காய்ச்சல்



படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து பட்டதாரி ஆசிரியனாகக் கல்முனைக்கு முதல் நியமனம் பெற்று வந்தபோது எனக்கு வயது 26. நாள்தோறும் சைக்கிளில் பாடசாலைக்குப் போவேன். மாலையில் கடற்கரை மணலில் மாணவரோடு உதைபந்தாடுவேன். நோய் என்பது கிழவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் உரியது என்று எண்ணியிருந்த காலம் அது. அந்த மார்கழியில் ஒரு தடிமன் பிடித்தது. காய்ச்சலும் கூடவே வந்தது. மல்லித்தண்ணீர் குடித்தேன், வேது பிடித்தேன், இரண்டு பனடோலை விழுங்கிவிட்டுப் பாடசாலைக்கும் போனேன். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. ஆறாம் நாள் இரவு நடுக்கத்தோடு திரும்பி வந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது வலது விலாவில் கத்தியால் குத்துவதுபோல் வலித்தது.

அடுத்த வீட்டுக் காக்கா காலையில் வந்து எட்டிப் பார்த்தார். நெல் வியாபாரம் செய்பவர், வைத்தியம் படித்தவரல்லர். வாசலில் நின்றபடியே என்னைச் சற்று நேரம் பார்த்தார். "சேர், இது வெறும் தடிமனில்ல. நீங்க மூச்செடுக்கிற விதம் சரியில்ல. எழும்புங்க, ஆசுபத்திரிக்குப் போவம்" என்றார். "பின்னேரம் போவம் காக்கா" என்றேன். அவர் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துத் தூக்கி ஓட்டோவில் ஏற்றிவிட்டார். நியுமோனியா என்றார்கள். பத்து நாட்கள் படுக்கையில் கிடந்தேன். ராத்தா ஒவ்வொரு நாளும் கஞ்சி காய்ச்சி அனுப்பினார்.

வீடு திரும்பிய பிறகே காக்கா அந்தச் செய்தியைச் சொன்னார். அவருடைய தம்பி 22 வயதில் இப்படித்தான் போயிருக்கிறான். வயலில் மூட்டை சுமந்து திடகாத்திரமாக இருந்தவன். "அவனும் தடிமன் எண்டுதான் சொன்னான் சேர். அவன்ட மூச்சு எனக்கு மறக்காது" என்றார்.

ஒரு மரணத்தின் நினைவு என்னைக் காப்பாற்றியது. அப்படியானால் இலட்சக்கணக்கான மரணங்களின் நினைவு எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்க வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னை 1918ஆம் ஆண்டின் வரலாற்றுக்கு இட்டுச் சென்றது.

முதலாம் உலகப் போரின் இறுதி ஆண்டு அது. இன்புளுவென்சா என்ற விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவியது. போரிட்ட நாடுகளின் பத்திரிகைகள் தணிக்கைக்கு அஞ்சி அதனை அடக்கி வாசித்தன. போரில் சேராத ஸ்பெயின் நாட்டுப் பத்திரிகைகளோ ஒளிவுமறைவின்றி எழுதின. உண்மையை எழுதிய குற்றத்துக்காகவே அந்நோய்க்கு 'ஸ்பானியக் காய்ச்சல்' என்ற பெயர் வாய்த்தது. போரில் மடிந்த படையினர் ஏறத்தாழ 1 கோடி. காய்ச்சலில் மடிந்தோர் 5 கோடி வரை இருக்கலாம் என்பர். இந்தியாவில் மட்டும் 1 கோடி 20 இலட்சம் முதல் 2 கோடி வரை என்பது ஆய்வாளர் மதிப்பீடு. அந்நாட்டின் குடிசனக் கணக்கெடுப்புகளுள், முந்திய பத்தாண்டைவிடச் சனத்தொகை குறைந்து காணப்பட்டது 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மட்டுமே.

இலங்கையும் தப்பவில்லை. நோயின் உச்சம் தீவின் வடக்கிலும் தெற்கிலும் 1918 ஒக்டோபர் தொடக்கத்தில் ஏற்பட்டது. மத்திய பகுதியில் அது 1919 மார்ச் தொடக்கத்திலேயே வந்தது. 1891 முதல் 1931 வரையான ஐந்து குடிசனக் கணக்கெடுப்புகளை ஒப்புநோக்கிய பிற்கால ஆய்வொன்று, இத்தீவு இழந்த சனத்தொகை 3 இலட்சத்து 7 ஆயிரம், அதாவது ஏறத்தாழ 6.7 சதவீதம் என்று கணித்துள்ளது. இறந்தவர்களோடு, அந்நோயின் காரணமாகப் பிறவாமற் போன குழந்தைகளும் இந்தத் தொகையுள் அடங்கக்கூடும் என்பது மனங்கொள்ளத்தக்கது. பதினைந்து பேர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் பதினான்கு பேரே எஞ்சினர். அம்பாறை மாவட்டம் என்று அன்று ஒன்றில்லை. 1961இல் பிரிக்கப்படும்வரை மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஊர்களே. ஒக்டோபர் என்பது இக்கரையில் வானத்தைப் பார்த்து விதைப்புக்கு ஆயத்தமாகும் மாதம். உழைக்கும் கைகள் மிகவும் வேண்டப்படும் அந்த மாதத்திலேயே, உழைக்கும் வயதினரைக் கொல்லும் நோய் இத்தீவில் உச்சத்தை எட்டியது.

ஆம், உழைக்கும் வயதினரையே அது கொன்றது. வழக்கமான காய்ச்சல்களில் மரணம் வாழ்வின் இரண்டு ஓரங்களில், குழந்தைகளிடத்தும் முதியோரிடத்தும், மிகுந்திருக்கும், நடுவயது தப்பிக்கும். 1918இலோ நடுவிலும் ஒரு முகடு எழுந்தது. இறந்தோரில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் 20க்கும் 40க்கும் இடைப்பட்டவர்கள். கருவுற்ற தாய்மார் மிகவும் பாதிக்கப்பட்டனர்.

கொன்றது வெறும் காய்ச்சலன்று. அதன் பின்னால் வந்த நியுமோனியாவே கொன்றது. அக்காலத்தில் இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் இழையங்களை மீண்டும் ஆராய்ந்த அறிஞர்கள் 2008இல் இதனை உறுதிப்படுத்தினர். வைரசு மூச்சுக்குழாயின் உட்சுவரை அரித்துவிடுகிறது. அழுக்கை வெளியே தள்ளும் நுண்மயிர்கள் அங்கே அழிகின்றன. காவலற்ற வீட்டினுள் கள்வர் புகுவதுபோல, தொண்டையிற் குடியிருந்த பக்ரீரியாக்கள் நுரையீரலுள் இறங்குகின்றன. காற்று நிறைய வேண்டிய சிற்றறைகளில் சீழும் நீரும் நிறைகின்றன. உதடு நீலம் பாரிக்கிறது. இளையோர் ஏன் அவ்வளவு மடிந்தனர் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அவர்களின் வலிய எதிர்ப்புச் சக்தியே அளவுமீறிக் கிளர்ந்து நுரையீரலைச் சிதைத்தது என்பர் சிலர். முதியவர்கள் தம் இளமையில் அதையொத்த கிருமியைச் சந்தித்திருந்ததால் தப்பினர் என்பர் வேறு சிலர்.

இலக்கியமும் கலையும் இழந்தவற்றைப் பாருங்கள். ஆஸ்திரிய ஓவியர் ஈகோன் ஷீலே 1918 ஒக்டோபர் 31இல் இறந்தபோது அவருக்கு வயது 28. கருவுற்றிருந்த அவர் மனைவி மூன்று நாட்களுக்கு முன்னரே போய்விட்டாள். பிரெஞ்சுக் கவிஞர் அப்பொலினேர், போர்க்களத்தில் தலையிற்பட்ட காயத்துக்குத் தப்பியவர், போர் ஓய்வதற்கு இரண்டு நாட்கள் முன்னர், 38 வயதில் இந்தக் காய்ச்சலுக்குப் பலியானார். இந்தி மகாகவி நிராலா தம் இளம் மனைவியையும் சுற்றத்தார் பலரையும் அந்த ஆண்டில் பறிகொடுத்தார். கங்கையில் பிணங்கள் நிறைந்து மிதந்த காட்சியை 'குல்லி பாட்' என்ற தமது நூலில் அவர் பதிவு செய்தார். மாண்டவர் கோடிக்கணக்கில்; அதனை எழுதியவரோ மிகச் சிலர்.

நம் ஊருக்கு அண்மையில் ஒரு பெயரை நினைத்துப் பார்ப்போம். காரைதீவில் 1892இல் பிறந்த ஒருவருக்கு 1918 ஒக்டோபரில் வயது 26. அவரே பிற்காலத்து விபுலாநந்த அடிகள். காய்ச்சல் தேடிய வயது அதுவே. அவர் வாழ்ந்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் 'யாழ் நூல்' வெளிவந்தது. அவர் அன்று மறைந்திருந்தால், தமிழிசை ஆராய்ச்சிக்கு இப்படியொரு நூல் கிடைக்காமற் போயிற்று என்றுகூட நாம் அறிந்திருக்க மாட்டோம். பெயர் விளங்குமுன்பே மாண்டுபோன அவ்வயதினர் எதைச் சாதித்திருப்பார்கள் என்பதை யார் கணக்கிடுவது?

அன்று மருந்தில்லை. சல்பா மருந்து நியுமோனியாவுக்குப் பயன்படத் தொடங்கியது 1930களின் இறுதியில். பிளெமிங் 1928இல் கண்டறிந்த பென்சிலின் பரவலாகக் கைக்கு வந்தது 1940களில். என்னைப் பிழைக்க வைத்தது அந்த வழியில் வந்த மருந்துதான். ஆனால் மருந்து ஆசுபத்திரியில் இருக்கிறது. நோயாளி வீட்டிற் கிடக்கிறான். இடையிலுள்ள தூரத்தை மருந்து தானாகக் கடப்பதில்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயது என்ற இறுமாப்பே அந்தத் தூரத்தை நீட்டுகிறது. வலுவுள்ள உடல் கடைசிவரை நோயைத் தாங்கிக் காட்டி, பின் ஒரேயடியாகச் சரிகிறது.

ஆகவே இளைய நேயர்களே, எல்லாத் தடிமனுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் விட்ட காய்ச்சல் திரும்பினால், மூச்சு வாங்கினால், மூச்செடுக்கையில் நெஞ்சு குத்தினால், உதடு நீலம் பாரித்தால், பேச்சுத் தடுமாறினால் 'பின்னேரம் போவம்' என்று சொல்லாதீர்கள்.

காக்கா இப்போதும் நெல் வியாபாரம் செய்கிறார். மழைக்காலத்தில் என் வகுப்பில் யாராவது இருமினால், அவர் வாசலில் நின்று என்னைப் பார்த்ததுபோல நானும் அந்தப் பிள்ளையின் மூச்சைச் சற்று நேரம் பார்க்கிறேன். நான் ஒருபோதும் கண்டிராத ஓர் இளைஞனிடமிருந்து வந்த பாடம் அது. அவனுடைய மரணத்தை அவன் காக்கா மறக்காமல் வைத்திருந்து என்னிடம் சொன்னார். நான் உங்களிடம் சொல்லிவிட்டேன்.