மருத்துவச்சியின் வேரும் நம் பெண்களின் உதிரமும்



அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சித்த மருத்துவர். மருத்துவம் ஒடுக்கப்பட்டோரின் அறிவாகவும் இருந்தது என்பதற்கு அவரே சான்று. ஏடு எழுதாத இன்னொரு மரபும் நமக்கு உண்டு; அது மருத்துவச்சிகளுடையது. ஊரில் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர், தலித் சமூகப் பெண்கள். உதிரத்தைத் தீட்டு என்றவர்கள்தான் அந்த வேலையை இவர்கள் கையில் தள்ளினார்கள். வயிற்றுவலிக்குச் சுக்கும் ஓமமும், நாள் தள்ளிப்போனால் எள்ளும் கருஞ்சீரகமும், பெரும்பாட்டுக்கு அசோகப் பட்டையும் வழங்கின.

'நாள் தள்ளிப்போவது' என்ற சொல்லுக்குள் கருவும் ஒளிந்திருந்தது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. வழியற்ற பெண்கள் கொடிவேலி வேரை நாடினார்கள். கருப்பைக்குள் செருகிய வேர் புண்ணாக்கிச் சீழ்பிடிக்க வைத்தது, உயிர்களும் போயின. மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்யும் என்று மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. கருக்கலைப்புக்குச் சட்டத்தின் கதவு திறந்ததோ 1971இல்தான். இடைப்பட்ட காலத்துச் சாவுகளுக்கு மருத்துவச்சியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

இன்று அந்த அறிவு கடைச்சரக்கு. அசோகப் பட்டையில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்பது வியாபாரத்தில் பழகிப்போன மோசடி. பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்ததாக 2004இல் வெளியான ஆய்வு சொன்னது. மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்று ஆகிவிடாது.

அதனால் பாட்டி வைத்தியத்தைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. சாதாரண வலிக்குச் சுக்குக் கஷாயம் குடிக்கலாம். நாள் தள்ளினால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. அதற்குமுன் எந்த வேரும் வேண்டாம். மணிக்கொரு நாப்கின் நனைந்தாலும், மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. இந்த உடம்பிலிருந்து போகும் உதிரத்தைக் கஷாயத்தை நம்பி விட்டுவிட முடியாது.

மரபின் பெருமையைச் சொல்லி, சேரிப் பெண்ணுக்குக் கஷாயத்தையும் வசதியுள்ள பெண்ணுக்கு ஸ்கேனையும் ஒதுக்கினால் அதுவும் தீண்டாமைதான். மருத்துவச்சிக்கு வரலாற்றில் இடம் கேட்போம். அவள் பேத்திக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முறையான பரிசோதனை கேட்போம். இரண்டும் ஒரே கோரிக்கை.