வேகச் சம்மனில் தவறா? பணம் கட்டும் முன் படத்தைப் பாருங்கள்

பட்டர்வொர்த் – வேக வரம்பை மீறியதாக நோட்டீஸ் வந்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். கைப்பேசியை எடுத்து, கழிவு எவ்வளவு என்று பார்த்து, கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கார் வீட்டு வாசலில்தான் நின்றது என்று உறுதியாகத் தெரிந்தும் கட்டுகிறவர்கள் உண்டு. அலைச்சலில் ஒரு நாள் சம்பளம் போவதைவிட 150 ரிங்கிட் போவது மேல் என்பது அவர்கள் கணக்கு.

வார இறுதியில் மட்டும் கார் எடுப்பவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவரலாம். பிறையிலும் பட்டர்வொர்த் துறைமுகத்திலும் கொள்கலன் லாரி ஓட்டிப் பிழைப்பவருக்கு ஒத்துவராது. 2017 ஏப்ரல் 15 முதல் இப்போதைய வடிவில் நடப்பில் இருக்கும் கெஜாரா முறையில், வேக மீறலுக்கும் குற்றப்புள்ளி உண்டு. சம்மனைக் கட்டி முடித்த பிறகு, அல்லது நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்த பிறகு, அந்தப் புள்ளி லைசன்ஸில் ஏறும். கட்டியது பாதி விலை என்பதால் புள்ளி பாதியாகாது. புள்ளி சேர்ந்தால் லைசன்ஸ் முடக்கப்படும். ஓட்டுநருக்கு அதுவே பிழைப்பு.

இந்த ஆண்டு தொடங்கி அவசரமும் கூடியிருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் போலீஸ் சம்மனுக்கும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் சம்மனுக்கும் ஒரே கழிவு முறை. 15 நாளுக்குள் கட்டினால் 50 விழுக்காடு, 16 முதல் 30 நாளுக்குள் 33 விழுக்காடு. அதன் பிறகு 60 நாள் வரை முழுத் தொகை. 60 நாளும் தாண்டினால் நீதிமன்றம். 300 ரிங்கிட் சம்மன் என்றால் முதலில் 150, பிறகு 201, பிறகு 300. சமரசத் தொகை கட்டி முடிக்க முடியாத கடுமையான குற்றங்களுக்கு இந்தக் கழிவு இல்லை. தோட்டத்து லயத்துக்குக் கடிதம் வந்து சேர்வதற்குள் முதல் 15 நாளில் எத்தனை மிஞ்சும் என்பது தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே தபாலை நம்பியிராமல் மைஜேபிஜே, மைபாயார் பிடிஆர்எம் செயலிகளில் மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ இணைப்புடன் வரும் 'சம்மனை' மட்டும் தொடவே வேண்டாம்.

தபாலில் வருவது என்ன?

கேமராவில் பதிவாகி, வாகன உரிமையாளரின் முகவரிக்குப் போலீசார் அனுப்புவதை மலாயில் 'சமான் எகோர்' என்பார்கள். அந்தத் தாளின் பெயர் போல் 170ஏ. சாலையில் நிறுத்திக் கையில் கொடுக்கும் போல் 257 வேறு. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். 170ஏ என்பது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115ஆவது பிரிவின்படி வரும் கேள்வி: அந்த நேரத்தில் உங்கள் வாகனத்தை ஓட்டியது யார்? அதுவே தீர்ப்பாகிவிடாது. ஆனால் கேள்விக்குப் பதில் தராமல் இருந்தால் அது தனிக் குற்றம். எனவே மருமகன் ஓட்டியிருந்தால் அவர் பெயர், ஐசி எண், முகவரியை எழுதி, நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் கொடுத்துவிட வேண்டும். சம்மனை எதிர்க்க நினைப்பவரும் இந்தப் பதிலைத் தந்தே ஆகவேண்டும்.

விற்ற வண்டிக்குச் சம்மன் வருவது இன்னொரு தலைவலி. பழைய காரைத் தெரிந்தவருக்குக் கொடுத்து, "கிராண்ட் பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று விட்டிருந்தால், ஜேபிஜே பதிவேட்டில் இன்னும் நீங்கள்தான் உரிமையாளர். விற்றதற்கான ரசீதோ எழுத்தோ கையில் இல்லாவிட்டால் யாராலும் பெரிதாக உதவ முடியாது.

எதைப் பார்ப்பது?

முதலில் படம். நோட்டீஸை அனுப்பிய போக்குவரத்துப் பிரிவின் பெயரும் முகவரியும் தாளிலேயே இருக்கும். நேரில் போய்ப் படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பதிவு எண்ணை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். பி எழுத்தும் 8ஆம் எண்ணும், டி எழுத்தும் பூஜ்யமும், எஸ் எழுத்தும் 5ஆம் எண்ணும் இருட்டில் ஒன்றுபோல் தெரியும். (எண் பட்டையில் அலங்கார எழுத்து போட்டிருப்பவர்கள் இதைப் பற்றிக் குறைப்பட முடியாது. அந்தப் பட்டையே குற்றம்.) எண் சரியாக இருந்தும் வண்டியின் நிறமோ ரகமோ வேறாக இருந்தால், யாரோ உங்கள் எண்ணைப் போலிப் பட்டையில் மாட்டியிருக்கக்கூடும். அன்றே போலீசில் புகார் செய்து, புகாரின் நகலை இணைத்துப் போக்குவரத்துப் பிரிவின் தலைவருக்கு எழுத வேண்டும். நேரில் பேசியது மட்டும் போதாது. எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது இடமும் வரம்பும். பிளஸ் நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டரில் வந்தவர் பினாங்குப் பாலத்தில் ஏறினால் வரம்பு 80. சாலைப் பணி நடக்கும் இடங்களில் தற்காலிக வரம்பு இன்னும் குறைவு. பெருநாள் காலத்தில் கூட்டரசு சாலைகளின் 90ஐ 80 ஆகக் குறைப்பதும் வழக்கம். நோட்டீஸில் உள்ள வரம்பு அந்த இடத்துக்கும் அந்தத் தேதிக்கும் உங்கள் வாகன வகைக்கும் உரியதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் நீங்கள் வேறிடத்தில் இருந்ததைக் காட்டப் பெரிய ஆதாரம் தேவையில்லை. ஜூரு அல்லது சுங்கை துவா சாவடியின் டச் அண்ட் கோ கணக்கு, வேலையிடத்தின் பஞ்ச் கார்டு, துறைமுக வாயில் சீட்டு, லாரி கம்பெனியின் ஜிபிஎஸ் பதிவு எல்லாமே ஆதாரந்தான்.

எடுபடாத வாதமும் ஒன்று உண்டு. சாலையோரம் நின்று பிடிக்கும் ரேடார் கருவி, வாகனத்தை நேர்கோட்டில் பார்க்காமல் சாய்ந்து பார்த்தால் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். "கருவி சாய்ந்திருந்தது" என்று சொல்வது பெரும்பாலும் தனக்குத்தானே குழி வெட்டுவது.

ஆனால் கருவி தவறவே தவறாது என்பதும் உண்மையல்ல. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 2012இல் ஒருவருக்கு, மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர் வரம்புள்ள இடத்தில் 61 கிலோமீட்டரில் போனதாகச் சம்மன் வந்தது. கேமராவின் சொந்தக் காணொளியிலேயே அந்தக் கார் சிவப்பு விளக்கில், பிரேக் விளக்கு எரிய, அசையாமல் நின்றது. அங்குள்ள நாளிதழ் அதை வெளியிட்டது. தொடர்ந்து தவறுகள் வெளிவர, 2013இல் நகராட்சி கேமராக்களை நிறுத்தியது. தவறு பிடிபட்டதற்குக் காரணம், படத்தில் நேரம் பதிவாகியிருந்ததுதான். நேரத்துடன் இரண்டு படங்கள் உங்களுக்குக் கிடைத்தால் கணக்கு எளிது. அரை விநாடி இடைவெளியில் வண்டி 10 மீட்டர் நகர்ந்திருந்தால், விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். நோட்டீஸில் 98 என்று இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி பிறந்துவிட்டது.

நம் நாட்டிலும் கேமரா சம்மன் தொடக்கத்திலேயே சட்டச் சிக்கலில் மாட்டியது. 2012 செப்டம்பரில் ஏஇஎஸ் முறை தனியார் நிறுவனங்களின் வழியாக வந்தது. பினாங்கு உள்ளிட்ட மக்கள் கூட்டணி மாநிலங்கள் கேமரா பொருத்த இடம் தராமல் ஒத்திப்போட்டன. அதே ஆண்டு டிசம்பரில், அதன் சட்டப்பூர்வ நிலையை ஆராய வேண்டும் என்று சட்டத்துறைத் தலைவர் நீதிமன்றத்தில் இருந்த வழக்குகளை நிறுத்திவைத்தார். 2018இல் அரசாங்கம் அம்முறையைத் தானே ஏற்றபோது, கட்டப்படாமல் கிடந்த 31 லட்சம் சம்மன்கள், 43 கோடியே 50 லட்சம் ரிங்கிட் மதிப்புள்ளவை, ரத்தாயின. அதை நினைத்து இன்றும் "எப்படியும் தள்ளுபடி வரும்" என்று காத்திருப்போர் உண்டு. 60 நாள் கெடு வந்துவிட்ட பிறகு அந்தக் காத்திருப்பு ஆபத்து.

நீதிமன்றம் போனால்

மேல்முறையீடு ஏற்கப்படாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான். பொதுவாகக் குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்து நீதிமன்றமே விசாரிக்கும். பட்டர்வொர்த் சாலையில் நடந்தது என்றால் பட்டர்வொர்த்தில். தாப்பாவில் பதிவானது என்றால் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும், அதுவும் ஒருமுறையோடு முடியாது. சட்டத்தின் 40ஆவது பிரிவில் குற்றம் உறுதியானால் அபராதம் 300 ரிங்கிட்டுக்குக் குறையாது. 2,000 வரை போகலாம். வெறும் கோபத்தோடு போகிறவர் 150இல் முடிந்ததை 1,000 ஆக்கிக்கொள்ளலாம் என்பதால்தான் முதலில் ஆதாரம்.

ஆதாரம் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. குற்றச்சாட்டை வாசித்ததும் குற்றத்தை மறுத்து விசாரணை கேட்கலாம். குற்றத்தை மெய்ப்பிக்கும் பாரம் அரசுத் தரப்பின் மேல். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவின்படி, தாங்கள் சமர்ப்பிக்கப்போகும் ஆவணங்களின் நகலை விசாரணை தொடங்கும் முன் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். உங்களுக்குச் சாதகமான விவரம் இருந்தால் அதையும் எழுத்தில் தர வேண்டும். படம், கருவியைச் சோதித்த சான்றிதழ், இயக்கிய அதிகாரியின் பதிவு ஆகியவற்றை அங்கே கேட்கலாம். முதற்கட்ட ஆதாரம் போதவில்லை என்றால், உங்களைத் தற்காப்பு வாதம் செய்ய அழைக்காமலே மாஜிஸ்திரேட் விடுவிக்கலாம்.

மலாயில் நடப்பது புரியவில்லை என்றால் தலையாட்டிவிட்டு நிற்கக்கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே சொல்ல வேண்டும். சாட்சியம் புரியும் மொழியில் கூறப்படுவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சட்டம் தரும் உரிமை. தேதி குறித்த நாளில் வராமல் இருந்தால் கைது ஆணை பிறக்கலாம். லாரி ஓட்டுநர்கள் தேதி கிடைத்த அன்றே முதலாளியிடம் அதன் நகலைக் கொடுத்து விடுப்பு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.